அடையாளம் சொல்லத் தெரிந்தவர்

எடிசன் ஃபோனோகிராஃப் பெட்டிகளில் ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கும். காப்புரிமைத் தேதிகளை வரிசையாக அடுக்கி, கூடவே அந்தப் பெட்டிக்கென்று ஓர் இலக்கத்தையும் குத்தியிருப்பார்கள். சேகரிப்பாளர் ஒருவரின் வீட்டிலிருந்து ஃபோனோகிராஃப் களவு போனால் மற்ற சேகரிப்பாளர்கள் முதலில் கேட்பது இந்த இலக்கத்தைத்தான். ஆனால் அது திருடனை நினைத்துப் பொறிக்கப்பட்டதல்ல. எடிசன் கம்பெனிக்கு அன்றிருந்த கவலையெல்லாம் தன் கடைக்காரர்களைப் பற்றியது. கம்பெனி வைத்த விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. விற்றால், அந்தப் பெட்டி எந்தக் கடை வழியாகப் போனதென்று இலக்கத்தை வைத்துப் பிடித்துவிடலாம். இலக்கத்தைச் சுரண்டிய பெட்டியை விற்கக் கூடாதென்று கடைக்காரர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியதும் இதற்காகத்தான். விலையைக் குறைத்தவனைப் பிடிக்க வந்த எண், நூறு வருஷம் கழித்துத் திருடனைப் பிடிக்கப் பயன்படுகிறது. அதுவும் உடைமைக்காரர் அதை எங்காவது எழுதி வைத்திருந்தால். பெரும்பாலும் எழுதி வைத்திருக்க மாட்டார். தினமும் துடைக்கிற பெட்டியின் எண்ணை யார் எழுதி வைப்பார்கள்?

1911இல் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனா லிசாவை எடுத்துக்கொண்டு போனவர் இரண்டு வருஷம் அதை விற்க முடியாமல் பதுக்கி வைத்திருந்து, விற்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற பொருளைத் திருடினால் அந்தச் சங்கடம் உண்டு. ஃபோனோகிராஃப் திருடனுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. எடிசனின் ‘ஸ்டாண்டர்ட்’, ‘ஹோம்’, ‘ஜெம்’ எல்லாம் தொழிற்சாலையில் வரிசையாக அடித்துத் தள்ளிய சரக்கு. 1890களின் கடைசியிலிருந்து லட்சக்கணக்கில் வீடுகளுக்குப் போனவை. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே ‘இது என்னுடையது’ என்று உடைமைக்காரர் சொன்னால், ‘எப்படி?’ என்ற கேள்வி உடனே வரும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிவதில்தான் சேகரிப்பாளர் என்பவர் யார் என்பது அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. காசு கொடுத்து வாங்கினவர் எல்லாரும் சேகரிப்பாளர் இல்லை.

ஒரு ‘ஸ்டாண்டர்ட்’ பெட்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஓக் மரப் பெட்டி. மேலே கறுப்பு மெருகு பூசிய வார்ப்பிரும்புத் தளம், அதன் விளிம்பில் மெல்லிய பொன்னிறக் கோடு. தளத்தின் மேல் நிக்கல் பூசிய ஓர் உருளைத்தண்டு. மெழுகு உருளையை அதில்தான் கையுறை மாட்டுவதுபோல் மாட்ட வேண்டும். சாவி கொடுத்தால் உள்ளே ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு ஒரேயடியாக அவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது கவர்னர். சின்னச் சின்னக் குண்டுகள் சுழன்று விரிந்து வேகத்தை அடக்கி வைக்கும். கவர்னர் பக்கத்திலிருந்து உருளைத்தண்டுக்கு ஒரு தோல் பெல்ட் ஓடும். நிமிஷத்துக்கு 160 சுற்று. எல்லாப் பெட்டியிலும் இப்படித்தான். ஆனால் இந்தப் பெட்டியில் பெல்ட்டை யாரோ மெழுகு நூலால் தைத்திருக்கிறார்கள். உருளைத்தண்டின் ஒரு முனையில் மட்டும் நிக்கல் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கிறது. எப்போதும் இடது கட்டைவிரலை அங்கே ஊன்றி உருளையைக் கழற்றிய ஒருவர் வீட்டில் இது பல வருஷம் இருந்திருக்க வேண்டும். மூடியின் உட்புறம் பென்சிலில் ஒரு கூட்டல் கணக்கு. ஸ்பிரிங் பாதி அவிழ்ந்த பிறகு கவர்னரில் ஒரு விக்கல் வரும், பத்துச் சுற்றுக்கு ஒருமுறை. தொழிற்சாலை விட்டபோது இவற்றில் எதுவும் கிடையாது. எல்லாம் பிறகு ஏறியவை. இவற்றைக் கவனித்து வைத்திருக்கிற ஒருவர் இருக்கிறவரைக்கும்தான் இது ‘இந்தப் பெட்டி’. அவர் கையை விட்டுப் போய்விட்டால் அது மறுபடியும் வெறும் ‘ஸ்டாண்டர்ட்’. ரகம் ஒன்று, விலை இவ்வளவு.

திருட்டு என்ன செய்கிறது என்றால், வெறும் ‘ஸ்டாண்டர்ட்’ ‘இந்தப் பெட்டி’யாக ஆன பயணத்தைத் தலைகீழாக நடத்துகிறது. அதுவும் பெட்டி பெட்டியாகவே போனால்கூடப் பரவாயில்லை. விவரம் தெரிந்த திருடன் முழுப் பெட்டியைத் தூக்கிச் சிரமப்பட மாட்டான். உருளையின் மேல் ஊர்ந்து ஒலியை எடுத்துத் தருகிற வட்டத் தலை ஒன்று உண்டு. எடிசன்காரர்கள் ரீபுரொட்யூசர் என்பார்கள், தட்டு ஓட்டுகிற நம் ஊர் கிராமஃபோன்காரர்களுக்கு அது சவுண்ட் பாக்ஸ். கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். பெட்டியின் விலையில் கணிசமான பங்கு அதில்தான் இருக்கிறது. ஊமையான பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போகிற திருடனும் உண்டு. பெட்டியையே எடுத்தவன் புனலைத் தனியாக, தலையைத் தனியாக, மோட்டாரைத் தனியாக விற்பான். தனித்தனியாக விற்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு பெட்டியின் அடிப்பாகம், இன்னொன்றின் மேல்பாகம், மூன்றாவதன் புனல் என்று ஒட்டுப்போட்டு நிற்கிற கருவிக்கு மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘ஃபிராங்கன்ஃபோன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேலிதான். ஆனால் அதில் ஒரு கசப்பும் கலந்திருக்கிறது; அப்படி நிற்கிற ஒவ்வொன்றுக்குள்ளும் தன் பெட்டியின் ஒரு துண்டு இருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் அவர்களில் உண்டு.

தலை மாறினால் என்ன ஆகும் என்பதும் திருடனுக்கும் அவனிடம் வாங்குகிறவனுக்கும் தெரிவதில்லை. முதலில் வந்த உருளைகள் இரண்டு நிமிஷம் பாடுபவை; அங்குலத்துக்கு நூறு வரிப்பள்ளம். 1908இல் எடிசன் அங்குலத்துக்கு இருநூறு பள்ளம் வெட்டி நான்கு நிமிஷ உருளையைக் கொண்டுவந்தார். பள்ளம் பாதியாக ஒடுங்கியதால் ஊசிமுனைக் கல்லும் சிறியதாக வேண்டியிருந்தது. ‘சி’ என்று குறியிட்ட தலை இரண்டு நிமிஷத்துக்கு, ‘எச்’ நான்கு நிமிஷத்துக்கு. பழைய தலையை மாட்டி நான்கு நிமிஷ மெழுகு உருளையை ஓட்டினால் கல் இரண்டு பள்ளத்துக்கு நடுவே உழுதுகொண்டு போகும். ஒரு தடவை ஓட்டினால் போதும், உருளை வீண். திருட்டுச் சாமானை வாங்கி ஆசை ஆசையாக முதல் பாட்டைப் போட்டுப் பார்க்கிறவர், அது ஒழுங்காகப் பாடும் கடைசித் தடவையையும் அப்போதே முடித்து வைத்துவிடுகிறார்.

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இசைத்தட்டுகள்தான் அவருடைய பிரதான ஆசை. உறையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் முத்திரை இருந்தால் தட்டு கீறலாக இருந்தாலும் விடமாட்டார். பெட்டிகள் கொஞ்சம்தான், ஆனால் எல்லாம் ஓடுபவை. வெள்ளையடிக்க ஆள் வந்துபோன ஒரு வாரத்தில், புனல் வைத்த கிராமஃபோன் ஒன்றையும், அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த ‘எக்ஸிபிஷன்’ சவுண்ட் பாக்ஸ் ஒன்றையும் காணோம். வெள்ளையடித்தவர்கள்தான் எடுத்தார்கள் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ‘வீடு திறந்து கிடந்தது, அவ்வளவுதான்’ என்பார். புகார் கொடுக்கப் போனபோது நானும் கூட இருந்தேன்.

“என்ன சார் காணாமப் போச்சு?”

“கிராமஃபோன்.”

“டேப் ரிக்கார்டர் மாதிரியா?”

“இல்லைங்க. சாவி கொடுக்கறது. புனல் வச்சது.”

“பில் இருக்கா?”

பெரியவர் என்னைப் பார்த்தார். அந்தப் பெட்டியைக் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, கதவு நிலையோடு நிலையாகக் கிடந்ததை எடை போட்டு வாங்கியவர் அவர். பில் எங்கே?

“சரி, ஒரு மதிப்பு சொல்லுங்க. அந்தக் காலத்து சாமான்னா பெருசா ஒண்ணும் இருக்காதில்ல?”

காவலரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கேட்டது நியாயமான கேள்விகள்தான். படிவத்தில் அந்தக் கட்டங்கள்தான் இருக்கின்றன. பெரியவரிடம் இருந்த விவரங்களுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. புனலின் வாயில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு சொட்டை. உள்ளிருந்து தட்டி எடுத்த தடயம் வெளியே தெரியும். டர்ன்டேபிளில் ஒட்டியிருந்த பச்சைத் துணி போய், அவரே வாங்கி ஒட்டிய பில்லியர்ட்ஸ் மேசைத் துணி. சவுண்ட் பாக்ஸில் மைக்கா தகட்டைச் சுற்றியிருந்த ரப்பர் கல்லாகிப் போயிருந்ததால், சைக்கிள் வால்வு டியூபை வெட்டி வளையமாகப் போட்டிருந்தார். இவ்வளவையும் அவர் ஒரு மூச்சில் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு, “ஐயா, இதெல்லாம் நீங்க நேர்ல பாத்தா சொல்லிடுவீங்கல்ல, அது போதும்” என்றார். போகிறபோக்கில் சொன்னாலும் அதில் விஷயம் இருந்தது. பில் வேண்டாம், எண் வேண்டாம். பார்த்தால் சொல்லிவிடுகிற ஒரு ஆள் வேண்டும்.

அப்படி ஒருவர் பார்த்துச் சொன்னதால் பிடிபட்ட திருட்டு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. திருடுபோனவை கருவிகள் அல்ல, ஒலிப்பதிவுகள். ஆனால் இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஜே. டேவிட் கோல்டின் என்பவர் பழைய வானொலி நிகழ்ச்சிகளின் பதிவுகளைச் சேகரித்தவர்; ஆயிரக்கணக்கில். 1970களில் தன்னிடமிருந்த மூலத்தட்டுகளை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். நம் கையில் இருப்பதைவிட அரசாங்கத்தின் கையில் பத்திரமாக இருக்கும் என்று நினைப்பதுதானே இயல்பு. 2010இல் ஈபே ஏலத்தில் ஒரு தட்டு விற்பனைக்கு வந்ததைப் பார்த்தார். 1937இல் பேஸ்பால் வீரர் பேப் ரூத் வேட்டைக்குப் போனதைப் பற்றிப் பேசிய பதிவு. அதன் மூலத்தட்டைக் காப்பகத்துக்குக் கொடுத்தவரே அவர்தான். அது எப்படி இங்கே வந்தது?

ஏலத்தில் அது போன விலை 34 டாலர் 75 சென்ட். விற்றவர் ‘ஹை-ஃபை கேல்’ என்று ஒரு புனைபெயர் வைத்திருந்தார். கோல்டின் விடாமல் துருவிக் காப்பகத்துக்குத் தெரிவித்தார். புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர், அந்தக் காப்பகத்திலேயே திரைப்பட, ஒலி, ஒளிப்பதிவுப் பிரிவின் தலைவராக இருந்து, நாற்பது வருஷ வேலைக்குப் பிறகு அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றவர். வீட்டைச் சோதித்தபோது ஆயிரக்கணக்கில் ஒலிப்பதிவுகள் அகப்பட்டன. 900க்கும் மேற்பட்டவை காப்பகத்திலிருந்து தான் எடுத்தவை என்று 2011இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷம் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். பெயர் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. எனக்கு அதை இங்கே திரும்ப எழுதுவதில் ஆர்வமில்லை.

எனக்கு ஆர்வமுள்ளது வேறு. அந்தக் காப்பகத்தில் காவலாளிகள் இருந்தார்கள், கேமராக்கள் இருந்தன, பதிவேடு இருந்தது. எதுவும் கத்தவில்லை. பதிவேட்டின் சாவியே திருடியவர் கையில் இருந்திருக்கிறது. கத்தியவர், முப்பது வருஷத்துக்கும் முன்னால் அந்தத் தட்டை வாரிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிய மனிதர். பொருள் தன்னுடையது இல்லை என்று ஆன பிறகும் அதன் அடையாளம் அவரிடமே இருந்திருக்கிறது. தன் சேகரிப்பை நிகழ்ச்சி நிகழ்ச்சியாகப் பட்டியல் போட்டு எல்லாரும் பார்க்கும்படி வைத்தவர் அவர். சட்டப்படி உடைமை என்பது கைமாறுகிற விஷயம். இந்த அறிவு அப்படிக் கைமாறுவதில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. திருடியவரும் விஷயம் தெரியாதவர் இல்லை. அமெரிக்காவில் பழைய ஒலிப்பதிவுகளைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களில் ஒருவர். தெரிந்தவர் திருட மாட்டார் என்று நான் மேலே எழுதியதை வைத்து யாராவது முடிவுகட்டினால், அது தவறு. 34 டாலருக்கு எதற்கு விற்றார் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நல்ல மதியச் சாப்பாட்டின் விலை.

ஃபோனோகிராஃப் திருட்டுகளில் உலகத்தில் அதிகம் பேர் பார்த்தது எது என்று கேட்டால் நான் கொஞ்சம் குறும்பாக ஒரு பதில் சொல்வேன். ஹெச்.எம்.வி. நாய். ஃபிரான்சிஸ் பராட் என்ற ஆங்கில ஓவியர், இறந்துபோன தன் சகோதரரின் நாய் நிப்பரை வரைந்தபோது அதன் முன்னால் இருந்தது உருளை ஓட்டுகிற எடிசன்-பெல் ஃபோனோகிராஃப். படத்தை வாங்க ஆள் அகப்படவில்லை. 1899இல் லண்டன் கிராமஃபோன் கம்பெனி வாங்கச் சம்மதித்தது, ஒரு நிபந்தனையோடு: போட்டிக் கம்பெனியின் கருவியை அழித்துவிட்டுத் தங்கள் தட்டுக் கருவியை வரைய வேண்டும். படத்துக்கு ஐம்பது பவுண்ட், உரிமைக்கு ஐம்பது பவுண்ட். பராட் அழித்து வரைந்தார். வெளிச்சம் சாய்வாக விழும்போது மூலப்படத்தில் பழைய கருவியின் கோடுகள் பெயின்டுக்கு அடியில் இன்னும் தெரியும் என்பார்கள்.

ஓவியர் சம்மதித்து, கம்பெனி காசு கொடுத்து, கையெழுத்துப் போட்டு நடந்த காரியம். திருட்டு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த மாற்றத்தில் படத்தின் உயிர் போய்விட்டது என்பது என் கட்சி. எடிசனின் கருவியில் வீட்டிலேயே பேசிப் பதிவு செய்யலாம். வெற்று மெழுகு உருளையை மாட்டி, பதிவுத் தலையைப் பொருத்தி, புனலுக்குள் பேசினால் போதும்; பிடிக்கவில்லை என்றால் மெழுகைச் சீவிவிட்டு மறுபடியும் பேசலாம். ஆகவே செத்துப்போன எஜமானன் குரலை அந்த நாய் ஃபோனோகிராஃபில் கேட்டிருக்க வழியுண்டு. கிராமஃபோனில் வழியே கிடையாது. அது கம்பெனி அழுத்திக் கொடுத்த தட்டை மட்டும் பாடும், பேசினால் வாங்கிக்கொள்ளாது. நாய் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது எஜமானன் குரலை அல்ல, ஏதோ ஒரு கடையில் வாங்கிய பாட்டை. நம் வீடுகளில் எத்தனை தட்டுகளில் அந்தப் படத்தைப் பார்த்திருப்போம்! ஒருவருக்கும் இது உறைத்ததாகத் தெரியவில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஃபோனோகிராஃப் களவு போகும்போது பல சமயம் கூடவே ஒரு பெட்டி உருளைகளும் போகும். அதில் கடையில் வாங்கிய உருளைகளுக்கு அச்சிட்ட உறையும் பெயரும் இருக்கும். 1902க்குப் பிறகு எடிசன் கம்பெனி அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் விட்டவை அவை, வேறெங்காவது ஒரு பிரதி இருக்கும். பெயரில்லாத பழுப்பு மெழுகு உருளைகள்தான் ஆபத்து. யாரோ ஒரு குடும்பம் தன் வீட்டுக் கூடத்தில் பதிவு செய்துகொண்டது. பாட்டு, பேச்சு, சிரிப்பு, குழந்தையைப் பேசச் சொல்லிக் கெஞ்சுவது. உலகத்தில் அதற்கு ஒரு பிரதிதான். பெரும்பாலும் மேலே பூஞ்சை பிடித்து வெள்ளை வெள்ளையாக இருக்கும். எடுத்துப் பிடிக்க இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்துத் தூக்க வேண்டும்; குளிர்ந்த உருளையில் கையின் சூடு பட்டாலே விரிசல் விடுகிற சாதி. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா நூலகம் இப்படிப்பட்ட வீட்டு உருளைகளையும் தேடி வாங்கி, டிஜிட்டலாக்கி, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வைத்திருக்கிறது. திருடனுக்கு இதற்கு விலை தெரியாது. வேனில் இடத்தை அடைக்கிறதென்று தெருமுனையில் இறக்கிவிட்டுப் போவான். பெட்டி எப்போதாவது திரும்பி வரலாம். தெருமுனையில் ஒரு மத்தியான வெயில் பட்ட மெழுகு திரும்பாது.

நம் பக்கத்துக் குரல்களும் இப்படி மெழுகில் ஏறியவைதான். மதராஸ் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றித் தகவல் திரட்டியபோது ஃபோனோகிராஃபையும் கூடத் தூக்கிக்கொண்டு போனார்கள். இலங்கை வேடர்களின் பாட்டை 1907-08 காலத்தில் மானிடவியலாளர் செலிக்மன் உருளையில் பிடித்தார். இரண்டும் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கேட்டு வாங்கினார்களா, எடுத்துக்கொண்டு போனார்களா என்ற வழக்கை இங்கே நான் அவிழ்க்கப் போவதில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது. பத்திரமாக இருக்கின்றன, பாடியவர்களின் பெயர்கள் பலவும் இல்லை. கல்கத்தாவில் எச். போஸ் சொந்தமாக உருளைகள் தயாரித்து ரவீந்திரநாத் தாகூரின் குரலையே பதிந்து விற்றார். அவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. யாரும் திருடவில்லை. யாரும் வைத்துக்கொள்ளவும் இல்லை.

இந்தியாவுக்கு இந்தத் துறையில் இன்னொரு கீர்த்தியும் உண்டு. உலகம் முழுக்கச் சுற்றுலாக் கடைகளில் பளபளவென்று பித்தளைப் புனலும், எட்டு மூலைப் பெட்டியும், நாய் படம் ஒட்டிய தகடுமாக நிற்கிற ‘பழங்கால கிராமஃபோன்’ பெரும்பாலும் நாம் செய்து அனுப்பியது. மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இதைக் ‘கிராப்போஃபோன்’ என்று வைவார்கள். புனல் புதிது, பெட்டி புதிது. மோட்டாரும் சவுண்ட் பாக்ஸும் மட்டும் பழையவை. கல்யாண வீடுகளில் பாடிய பெட்டி ரக கிராமஃபோன்களைப் பிரித்து எடுத்தவை. ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த ஒரு அசலைக் கொன்று ஒரு போலியைச் செய்கிறார்கள். மும்பை சோர் பஜாரில் வரிசையாக நிற்கும். மும்பையில் எது காணாமல் போனாலும் அங்கே போனால் விலைக்குக் கிடைக்கும் என்று பழைய பேச்சு ஒன்று உண்டு. பெரியவரும் இந்தப் பேச்சை நம்பி ஒருமுறை ரயிலேறிப் போனார். பெட்டி பெட்டியாகத் திறந்து உள்ளே சைக்கிள் டியூப் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். மூன்றாவது கடையில், “சாச்சா, வாங்க வந்தீங்களா, ரிப்பேர் பண்ண வந்தீங்களா?” என்று ஹிந்தியில் கேட்டுத் துரத்திவிட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சேகரிப்பாளர்கள் எல்லாரும் பரிதாபத்துக்குரிய அப்பாவிகள் என்று ஒரு படத்தை நான் வரைந்துகொண்டு போகிறேனோ என்று சந்தேகம் வருகிறது. அப்படியில்லை. நல்ல தலை ஒன்று பாதி விலைக்கு வந்தால், ‘எங்கே கிடைத்தது?’ என்று கேட்கிறவர் இந்த வட்டாரத்தில் குறைவு. கேட்டால் சரக்கு அடுத்தவரிடம் போய்விடும். விற்பவரும் சொல்ல மாட்டார். எந்த ஊரில் எந்த வீட்டில் எடுத்தார் என்பது அவருடைய தொழில் ரகசியம். இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொள்வது வழக்கமாகிப் போன இடத்தில் திருட்டுச் சாமான் தனியாக நாறுவதில்லை. பெரியவர் காரைக்குடிப் பக்கத்தில் எடை போட்டு வாங்கிய பெட்டி, அந்த வீட்டில் யாருடையது, விற்ற பங்காளிக்கு விற்க உரிமை இருந்ததா? இதை ஒருமுறை அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நியாயமான கேள்வி. ஆனா நான் வாங்கலேன்னா அது அன்னைக்கே அடுப்புக்குப் போயிருக்கும்” என்றார். உண்மைதான். உலகத்து அருங்காட்சியகங்கள் எல்லாம் சொல்கிற பதிலும் இதுவேதான்.

போன வருஷம் நானும் இன்னொரு நண்பரும் அவரை நெருக்கிக்கொண்டே இருந்தோம். மிச்சம் இருக்கிற பெட்டிகளையாவது படம் எடுத்து, எண், சொட்டை, தையல் எல்லாம் எழுதி நாலு பேர் பார்க்கும்படி வையுங்கள் என்று. கோல்டின் பட்டியல் போட்டு வைத்திருந்ததையும், தன் தட்டைப் பார்த்ததுமே கண்டுபிடித்ததையும் சொல்லிப் பார்த்தேன். அவர் மசியவில்லை. “என் வீட்ல என்ன இருக்குன்னு ஊருக்கே சொன்னா, வராதவனும் வருவான்.” இதிலும் தப்பு சொல்ல முடியாது. மறைத்து வைத்தால் காணாமல் போவது குறையும். போனால் யாருக்கும் தெரியாது. காட்டி வைத்தால் போவதற்கு வாய்ப்பு அதிகம். போனால் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. வெளிநாடுகளில் சேகரிப்பாளர் சங்கங்களின் பத்திரிகைகளில் படம் போடும்போது வீட்டு விலாசம் வராமல் பார்த்துக்கொள்வது இந்த இரண்டு பயத்துக்கும் நடுவே கண்ட சமரசம்தான்.

கடைசியில் பெரியவரும் ஒரு சமரசத்துக்கு வந்தார். நீளவாட்டுக் கணக்கு நோட்டு ஒன்றில், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம். இலக்கம், எந்தப் பெட்டிக்கு எந்தப் புனல், எந்த ஸ்பிரிங்கை எப்போது மாற்றியது, சவுண்ட் பாக்ஸில் போட்ட ரப்பர் என்ன, கவர்னர் எங்கே விக்கும். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. காணாமல் போன பெட்டிக்கும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார், நிகழ்காலத்தில். அதன் நகல் என்னிடம் ஒன்று, அந்த நண்பரிடம் ஒன்று. எல்லாப் பக்கத்திலும் ‘வாங்கிய விலை’ என்று கோடு போட்டு ஒரு கட்டம் வைத்துவிட்டு அதை மட்டும் காலியாக விட்டிருந்தார். இன்ஷூரன்ஸுக்கு வேண்டுமே, அதையும் எழுதிவிடுங்கள் என்றேன்.

“எழுதலாம். நோட்டு வீட்லதானே இருக்கு, உங்க அக்கா படிச்சிட்டா?” என்று சமையலறைப் பக்கம் பார்த்தார்.